நேஷனல் கேலரியின் ஓவிய உரைகள்: நிரலில் எதைத் தேர்ந்தெடுப்பது?

லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் உள்ள நேஷனல் கேலரிக்குப் போகத் திட்டமிடும் நண்பர்கள் பலரும், வான்கோவின் ‘சூரியகாந்திப் பூக்கள்’ எந்த அறையில் இருக்கிறது என்று விசாரிக்கிறார்கள். அன்றைக்கு அங்கே என்ன உரை நடக்கிறது என்று விசாரிப்பவர்கள் அரிது. முதலில் கேட்க வேண்டியது இந்த இரண்டாவது கேள்விதான் என்பது என் உறுதியான கருத்து. 13ஆம் நூற்றாண்டு முதல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரையிலான 2,300-க்கும் மேற்பட்ட ஐரோப்பிய ஓவியங்களை வைத்திருக்கும் அந்தக் கூடத்தில், நிரந்தரத் தொகுப்பைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. கட்டணம் இல்லை என்பதாலேயே எல்லா அறைகளையும் ஒரே மூச்சில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை வந்துவிடுகிறது. இரண்டு மணி நேரம் நடந்த பிறகு மிஞ்சுவது கால்வலி மட்டுமே; பார்த்த ஓவியம் ஒன்றுகூட மனத்தில் நிற்பதில்லை.

அங்கு நடக்கும் பொது நிகழ்ச்சிகள் பல வகைப்பட்டவை. ஓவியத்தின் முன்னாலேயே நின்றபடி நிகழ்த்தப்படும் சிறிய உரைகள், பேச்சைக் கேட்டபடியே பென்சிலால் வரைந்து பார்க்கும் அமர்வுகள், சிறப்புக் கண்காட்சிகளை ஒட்டி அரங்கத்தில் நடக்கும் விரிவுரைகள், இணையவழியில் வாரக்கணக்கில் நீளும் கலை வரலாற்றுப் பாடங்கள் என்று நிரல் நீள்கிறது. விரிவுரைகளுக்கும் பாடங்களுக்கும் பெரும்பாலும் கட்டணம் உண்டு. எனினும் ஒரே ஒரு நிகழ்ச்சிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், தயங்காமல் முதல் வகையைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். ஒற்றை ஓவியத்தின் முன் நின்று கேட்கும் உரை தருவதை வேறு எந்த நிகழ்ச்சியும் தருவதில்லை.

ஹான்ஸ் ஹோல்பைன் 1533-இல் வரைந்த ‘தூதர்கள்’ ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு மீட்டருக்கும் சற்று அதிகமான உயரமும் ஏறத்தாழ அதே அகலமும் கொண்ட இந்த ஓவியத்தில், பிரெஞ்சு அரசின் தூதராக இங்கிலாந்துக்கு வந்திருந்த ஷான் த தாந்தவீலும் அவருடைய நண்பரான பாதிரியார் ஷார்ஷ் த செல்வும் ஏறக்குறைய ஆளுயரத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் நடுவே இரண்டு தட்டுகள் கொண்ட நிலையடுக்கு இருக்கிறது. மேல்தட்டில் விண்கோளமும் நாழிகை பார்க்கும் கருவிகளும். கீழ்த்தட்டில் புவிக்கோளம், கணக்குப் புத்தகம், லூட் என்னும் நரம்பிசைக் கருவி, திறந்து கிடக்கும் பாடற்புத்தகம். அந்த லூட்டின் நரம்புகளில் ஒன்று அறுந்திருக்கிறது. தாந்தவீலின் குறுவாள் உறையில் அவருடைய வயது 29 என்று பொறித்திருக்கிறது. செல்வ் முழங்கையை ஊன்றியிருக்கும் புத்தகத்தின் ஓரத்தில் 25 என்ற எண் தெரிகிறது. இடது மேல் மூலையில், பச்சைத் திரையின் விளிம்பில், சிலுவையில் அறையப்பட்ட இயேசுவின் சிறு உருவம் பாதி மறைந்து நிற்கிறது. இவை எல்லாவற்றையும் நாமாகவே கண்டுபிடித்துவிடுவோம் என்பது நடக்காத காரியம். யாராவது ஒருவர் விரலைச் சுட்டி, கொஞ்ச நேரம் மௌனமாக இருந்து, நம் கண் அங்கே போய்ச் சேரும் வரை காத்திருக்க வேண்டும்.

இந்த ஓவியத்தைப் பற்றி நான் கேட்ட உரையில் உரையாளர் செய்தது அதைத்தான். இரு தூதர்களின் காலடியில் தரைக்குக் குறுக்கே சாய்வாகக் கிடக்கும் அந்த நீண்ட வெளிறிய வடிவம் என்ன என்பதை அவர் வாயால் சொல்லவே இல்லை. கூட்டத்தைச் சிறு சிறு குழுக்களாக ஓவியத்தின் வலது பக்கம், சுவரை ஒட்டிய இடத்துக்கு அழைத்துப் போய் அங்கிருந்து பார்க்கச் சொன்னார். நேரே நின்றபோது இழுத்துவிட்ட கறையைப் போலத் தெரிந்த அந்த வடிவம், அந்தக் கோணத்தில் சுருங்கி, துல்லியமான ஒரு மண்டையோடாக உருத்திரண்டது. பட்டும் மென்மயிரும் உடுத்திய இரு இளைஞர்களும் அதே நொடியில் கண்ணிலிருந்து மங்கிப்போனார்கள். எத்தனை பெரிய திரையில் காட்டினாலும் அரங்கத்து விரிவுரையில் இதைச் செய்ய முடியாது. பார்ப்பவர் உடம்பை நகர்த்தினால்தான் இந்த ஓவியம் முழுமையாகிறது.

எல்லா ஓவியத்துக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். யான் வான் ஐக் 1434-இல் வரைந்த அர்னோல்ஃபினி தம்பதியின் ஓவியம் ஒரு மீட்டர் உயரம்கூட இல்லாதது. பின்சுவரில் தொங்கும் குவியாடியில் தெரியும் இரண்டு உருவங்களையும், அதற்கு மேலே ‘யான் வான் ஐக் இங்கே இருந்தார்’ என்ற பொருளில் இலத்தீனில் எழுதியிருப்பதையும், நான்காவது வரிசையில் நின்று எட்டிப் பார்ப்பவருக்கு எவ்வளவு விளக்கினாலும் பயனில்லை. இத்தகைய ஓவியங்களுக்கு இணையவழி உரைதான் மேல். அகச்சிவப்புக் கதிர்ப் படங்களில் வெளிப்படும், வண்ணத்துக்கு அடியில் ஓவியர் முதலில் வரைந்த கோடுகளையும், ஓவியர் கைகளின் நிலையை இடையில் மாற்றி வரைந்திருப்பதையும் திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் புரிகிறது.

ஒற்றை ஓவியத்தின் மீதான இந்த அக்கறைக்கு அந்த நிறுவனத்தில் நெகிழ வைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் மூண்டபோது ஓவியங்கள் லண்டனை விட்டு அகற்றப்பட்டு, 1941-இல் வேல்ஸில் உள்ள மானோட் கற்பலகைச் சுரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தன. வெறிச்சோடிய கூடத்தில் பியானோ கலைஞர் மைரா ஹெஸ் 1939 அக்டோபரில் மதிய இசை நிகழ்ச்சிகளைத் தொடங்கினார். நுழைவுச்சீட்டு ஒரு ஷில்லிங். குண்டுவீச்சுக்கு இடையிலும் தொடர்ந்த அந்த நிகழ்ச்சிகள் 1946 வரை நடந்தன. மக்கள் இசையோடு நிற்கவில்லை, ஓவியத்தையும் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். அன்றைய இயக்குநர் கென்னத் கிளார்க் 1942 முதல் மாதம் ஓர் ஓவியத்தைச் சுரங்கத்திலிருந்து கொண்டுவந்து தனியே காட்சிக்கு வைத்தார். அப்படி வந்தவற்றுள் டிஷியன் வரைந்த, உயிர்த்தெழுந்த இயேசுவின் முன் மகதலேனா மரியாள் மண்டியிடும் ஓவியமும் ஒன்று. போர் நடந்துகொண்டிருந்தபோதும் ஒரே ஓர் ஓவியத்தைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள் என்பதை நினைக்கும்போது, அங்கே ஒரு படத்தின் முன் அரை மணி நேரம் நிற்பது எனக்கு நீளமாகத் தோன்றுவதே இல்லை.

1995 முதல் நடந்துவரும் தொடக்கப் பள்ளிகளுக்கான திட்டமும் இதே வழியில் செல்கிறது: ஆண்டுக்கு ஓர் ஓவியம், அதிலிருந்து நாடெங்கும் உள்ள பிள்ளைகள் தாங்களே யோசித்துச் செய்யும் படைப்புகளில் தேர்ந்தவை கேலரியிலேயே காட்சிக்கு வைக்கப்படுகின்றன. பிரிட்டனில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர், தங்கள் பள்ளி இதில் பங்கெடுக்கிறதா என்று ஆசிரியரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

தமிழ் வாசகருக்கு ஒரு தடங்கல் உண்டு. பேசுபவர்கள் விவிலியக் கதைகளும் கிரேக்கத் தொன்மங்களும் கேட்பவருக்கு ஓரளவாவது தெரிந்திருக்கும் என்று வைத்துக்கொண்டே பேசுகிறார்கள். டிஷியனின் ‘பாக்கஸும் அரியாட்னேயும்’ பற்றிய உரைக்குப் போகிறவர், தீசியஸ் என்ற வீரன் அரியாட்னே என்ற பெண்ணைத் தீவில் தனியே விட்டுப் போன கதையை முன்னதாகவே படித்துக்கொண்டால், தூரத்துக் கடலில் விலகிச் செல்லும் கப்பலின் பொருள் சட்டென்று விளங்கும்.

நேரத்தைப் பொறுத்தவரை வெள்ளிக்கிழமை மாலையே என் தேர்வு. மற்ற நாட்களில் ஆறு மணிக்கு மூடும் கேலரி அன்று மட்டும் இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கிறது. பகலில் நெரியும் கூட்டமும் மாலையில் தளர்ந்துவிடுகிறது. உரைகளின் நாளும் நேரமும் மாறக்கூடியவை என்பதால், புறப்படுவதற்கு முன் இணையதளத்து நிரலைப் பார்த்துவிடுங்கள். 2025 மே மாதம் புதுப்பித்துத் திறக்கப்பட்ட செயின்ஸ்பரி பிரிவின் வழியாகத்தான் உள்ளே நுழைய வேண்டியிருக்கும். வாசலில் பைகளைச் சோதிப்பார்கள், ஆகவே பெரிய பைகளைத் தவிர்த்து, கால் மணி நேரம் முன்னதாகப் போய் முன்வரிசையில் இடம் பிடிப்பது நல்லது. லண்டனுக்குப் போக வாய்ப்பில்லாதவர்கள் கேலரியின் யூடியூப் பக்கத்தில், காப்பாட்சியர்கள் பத்து நிமிடங்களுக்குள் ஓர் ஓவியத்தை விளக்கும் தொடரிலிருந்து தொடங்கலாம். அவற்றை ஆங்கில வசன வரிகளோடு, வேண்டிய இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம்.