பத்தாயிரத்து ஐநூறு ரூபாய்க்கு என் மகள் தரையிறங்கக் கற்றுக்கொண்டாள்

மூன்று மாதம், வாரத்துக்கு மூன்று நாள், மாதம் 3,500 ரூபாய். எட்டாவது படிக்கும் என் மகளை, கூடைப்பந்து ஆடும் பிள்ளைகளுக்கென்று நடத்தப்படும் உடல்வலுப் பயிற்சியில் சேர்த்திருந்தேன். கோவையில், அவினாசி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு குறுக்குத் தெருவில், மாடியில் இருக்கிற இடம். குறையும் சொல்லப் போவதால் பெயரை எழுதவில்லை.

சேர்த்ததற்குக் காரணம் முட்டி வலி. ஒரே வருஷத்தில் 7 செ.மீ. வளர்ந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் வாரத்துக்கு ஐந்து நாள் சிமென்ட் கோர்ட்டில் பிராக்டிஸ். லேட்டாக வந்தால் கோர்ட்டைச் சுற்றித் தவளைப் பாய்ச்சல். நாங்கள் படித்த காலத்திலும் இதே தண்டனைதான், கூடவே வாத்து நடை. அதன் வரும்படியாக என் வலது முட்டி இன்றைக்கும் படியேறும்போது சோளப்பொரி மாதிரி பொரிகிறது.

மகளுக்கு முட்டிச்சில்லுக்குக் கீழே, காலெலும்பின் முன்பக்கம் சின்னதாக ஒரு மேடு தட்டுப்பட்டது. எலும்பு டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு 'ஆஸ்குட் ஷ்லாட்டர்' என்றார். மளமளவென்று வளர்கிற வயதில், ஓடிக் குதிக்கிற பிள்ளைகளுக்கு வருவதாம். தொடைத் தசையின் நாண் வந்து ஒட்டும் இடத்தில் எலும்பு இன்னும் குருத்தாக இருக்கும். அது ஓயாமல் இழுபட்டால் வலிக்கும். வளர்ச்சி நின்றதும் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். "விளையாட்ட நிறுத்த வேண்டாங்க. குதிக்கறத குறைச்சு, காலுக்கு பலம் ஏத்துங்க" என்றார்.

வீட்டில் என் மாமியார், மகளுக்கு அமுச்சி, ஒரேயடியாக எதிர்த்தார். "எடை தூக்குனா புள்ள குட்டையாப் போயிருமுங்க மாப்பிள்ளை." இந்தப் பயம் நம் ஊரில் பாதி வீடுகளில் உண்டு. சரியான ஆள் பக்கத்தில் நின்று, முறையாகச் சொல்லிக்கொடுத்தால் எடைப் பயிற்சி வளர்ச்சியைத் தடுக்காது என்று டாக்டர் விளக்கினார். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமியின் 2020 அறிக்கையும் அதைத்தான் சொல்கிறது. அமுச்சிக்கு அமெரிக்கா போதவில்லை. நான் பள்ளிக்கூடப் பையைப் பட்டறைக்குக் கொண்டுபோய்த் தராசில் வைத்தேன். 9 கிலோ. மகள் முதல் மாதம் தூக்கிய கெட்டில்பெல், அதாவது கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு, 6 கிலோ. அதற்குப் பிறகு அமுச்சி வாயைத் திறக்கவில்லை. சின்ன வயதில் கிணற்றிலிருந்து இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம் சுமந்தவர் அவர் என்பதையும் நான் ஞாபகப்படுத்தவில்லை.

முதல் நாள் ஒரு டம்பெல்லைக்கூடத் தொடவிடவில்லை. நின்றபடி உயரம், உட்கார்ந்தபடி உயரம், எடை என்று அளந்து நோட்டில் குறித்தார்கள். மாதாமாதம் இதே அளவு. எதற்கு என்று கேட்டேன். பெண் பிள்ளைகள் சுமார் 12 வயதிலும் பையன்கள் 14-லும் மிக வேகமாக வளர்வார்கள். வயதை மட்டும் பார்த்து ஒரே பயிற்சி கொடுத்தால் சரிவராது என்றார் கோச். பக்கத்தில் நின்ற பையனுக்கும் என் மகளுக்கும் ஒரே வயது. இவளுக்கு உச்ச வளர்ச்சி கிட்டத்தட்டத் தாண்டிவிட்டது, அவனுக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. லேத்தில் இரும்புக்கும் பித்தளைக்கும் ஒரே வேகம் வைக்க மாட்டோம் இல்லையா, அப்படி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்து அவர் கேட்ட கேள்விதான் என்னைப் பிடித்துப் போட்டது. "வாரத்துக்கு பாப்பா எத்தனை தடவை குதிக்குதுங்க?" எனக்கென்ன தெரியும்? மறுநாள் பள்ளி மதிலோரம் பைக்கில் உட்கார்ந்து எண்ணினேன். லே-அப், ரீபவுண்ட், ஷூட்டிங் எல்லாம் சேர்த்து ஒரே சாயங்காலத்தில் 140-ஐத் தாண்டியது. ஐந்து நாளுக்குக் கணக்குப் போட்டால் 700. "அதுக்கு மேல நானும் குதிக்க வெச்சா முட்டி என்னத்துக்குங்க ஆகும்?" என்றார். முதல் நான்கு வாரம் குதிப்பே கிடையாது. சுவரில் சாய்ந்து நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி நிற்பது, குதிகால் தூக்கி இறக்குவது, படியிலிருந்து ஒற்றைக் காலில் மெதுவாக இறங்குவது. முதுகு வளையாமல் இடுப்பை மடக்கிக் குனியப் பழக ஒரு பிவிசி பைப். பார்ப்பதற்கு ரொம்பச் சப்பென்று இருந்தது. மற்ற பெற்றோர்கள் வாட்ஸ்அப்பில் முணுமுணுத்தார்கள், நானும் ஒரு கட்டைவிரல் போட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஐந்தாம் வாரம் 20 செ.மீ. பெட்டி வந்தது. அதன் மேல் ஏறிக் குதிக்க அல்ல, அதிலிருந்து கீழே இறங்கி மூன்று நொடி அசையாமல் நிற்க. கோச் திரும்பி நின்றுகொள்வார். தொப்பென்று சத்தம் கேட்டால் "மறுக்கா" என்பார். பிறகு முன்னால் வந்து முட்டி உள்பக்கம் சரிகிறதா என்று பார்ப்பார். முட்டிக்குள் இருக்கும் ஏ.சி.எல். தசைநார், கூடைப்பந்தில் பெரும்பாலும் யாரும் மோதாமலேயே கிழிகிறது. தரையிறங்கும்போது, ஓடிக்கொண்டே சட்டென்று நின்று திரும்பும்போது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அந்த ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல். மகளின் இடது முட்டி, பெட்டி வந்த முதல் நாள் கோணிக்கொண்டு உள்ளே போனதை நானே செல்போனில் எடுத்தேன். பன்னிரண்டாம் வாரம் எடுத்த வீடியோவில் முட்டி பாதத்துக்கு நேர் மேலே நிற்கிறது, சத்தமும் இல்லை. நான் கொடுத்த பணம் இதற்கே செரித்துவிட்டது.

எடை மெதுவாக ஏறியது. நெஞ்சோடு அணைத்து உட்கார்ந்து எழும் கெட்டில்பெல் 6 கிலோவிலிருந்து 16-க்கு வந்தது. மெடிசின் பால் என்கிற 2 கிலோ பந்தைச் சுவரில் எறிவார்கள். புல்-அப்பில் ரப்பர் பேண்ட் உதவியோடு நான்கு எடுக்கிறாள். முன்பு கம்பியில் தொங்கவே கை நடுங்கும்.

ஸ்டாமினா பயிற்சியும் எனக்குப் பிடித்தது. எங்கள் காலத்தில் ஸ்டாமினா என்றால் ரேஸ் கோர்ஸைச் சுற்றி ஓடுவதுதான். இங்கே 15 நொடி முழு வேக ஓட்டம், அரை நிமிஷத்துக்குமேல் ஓய்வு, மறுபடி ஓட்டம். கோர்ட்டின் நீளமே 28 மீட்டர், பந்து கிடைத்த 24 நொடிக்குள் ஷாட் எடுத்தாக வேண்டிய ஆட்டம், அதற்கு எதற்கு மாரத்தான் என்பது அவர்கள் கணக்கு. ஓடுவதற்குச் சமமாக நிற்பதையும் பழக்கினார்கள். கோட்டுக்கு முன்னால் மூன்றே எட்டில் பிரேக் பிடிக்க வேண்டும்.

இனி குறைகள். போஸ்டரில் '3 மாதத்தில் 15 செ.மீ. உயரமாகக் குதிக்கலாம்' என்று போட்டிருக்கிறார்கள். மகளின் குதிப்பு 31-லிருந்து 35 செ.மீ. ஆனது. அதிலும் கொஞ்சம் வளர்ச்சியால் வந்ததாக இருக்கலாம் என்று கோச்சே சொன்னார். அவரிடம் இருக்கும் நேர்மை போஸ்டர் அடித்தவரிடம் இல்லை. கவுன்டரில் இருக்கும் தம்பி ஒவ்வொரு முறையும் புரோட்டீன் பவுடர் டப்பாவை எடுத்து நீட்டுகிறார். கோச்சிடம் கேட்டால், "ரெண்டு முட்டை, கடலை, பச்சப்பயறு, நேரத்துக்குத் தூக்கம், போதுமுங்க" என்கிறார். ஒரே கடையில் இரண்டு குரல்.

முதல் மாதம் எட்டுப் பிள்ளைகள், மூன்றாம் மாதம் பத்தொன்பது. கோச்கள் அதே இரண்டு பேர்தான். ஒரு நாள் பதினொன்றாவது படிக்கும் பையன் ஒருவன் யாரும் பார்க்காதபோது எடைக் கம்பியில் இஷ்டத்துக்குப் பிளேட் மாட்டி, தூக்க முடியாமல் போட்டான். நல்லவேளை, காலில் விழவில்லை. சின்னக் கூட்டத்தில் கண் வைத்துச் சொல்லிக்கொடுப்பதுதான் இந்த இடத்தின் உயிர். அதை விற்றுவிட்டால் மிச்சம் வெறும் ஜிம்.

இன்னொன்று, பள்ளிக் கோச்சோடு இவர்கள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. மண்டலப் போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் கடினமான கால் பயிற்சி கொடுத்துவிட்டார்கள். முதல் ஆட்டத்தில் மகள் சிமென்ட் மூட்டை கட்டிக்கொண்டு ஓடுகிறவள் மாதிரி ஓடினாள். தேதியைச் சொல்லாமல் விட்டது என் தவறும்தான். ஆனால் நோட்டில் அத்தனை அளவு குறிக்கிறவர்கள் போட்டித் தேதிக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கலாம்.

உதவிக் கோச்சாக இருக்கும் பெண் மாதவிடாய் நாட்களைப் பற்றி மகளிடம் தனியாகப் பேசி, அன்றைக்கு உடம்பு எப்படி இருக்கிறதோ அதற்கேற்பப் பயிற்சியை மாற்றிக்கொடுத்தார் என்று என் மனைவி சொன்னாள். நான் கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றாத விஷயம். அவ்வளவு பார்க்கிற இடத்தில், பெண் பிள்ளைகள் உடை மாற்றும் அறைக்குத் தாழ்ப்பாள் உடைந்து இரண்டு மாதம் ஆகிறது. ஒருத்தி மாற்றும்போது இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

முட்டி மேடு அப்படியேதான் இருக்கிறது, அது போகாதாம். வலி மட்டும் படியேறும்போது இல்லை, நீண்ட ஆட்டத்துக்குப் பிறகு கொஞ்சம் தெரியும் என்கிறாள். அடுத்த மூன்று மாதத்துக்கும் பணம் கட்டிவிட்டேன். கட்டும்போது தாழ்ப்பாளைப் பற்றி மறுபடி சொன்னேன், "பார்க்கறோமுங்கண்ணா" என்றார் கவுன்டர் தம்பி. கதவின் துளை அளவை எடுத்து வந்திருக்கிறேன். திங்கட்கிழமை பட்டறையில் நானே ஒன்று செய்து கொண்டுபோய் மாட்டிவிடுவதாக இருக்கிறேன்.