நிலாவெளி வீதி ஆயுர்வேத கிளினிக்: இரவு பஸ் ஓட்டுகிறவன் எழுதுவது

நான் திருகோணமலை–கொழும்பு இரவு பஸ் ஓட்டுகிறவன். ஒரு பக்கம் சுமார் 260 கிலோமீற்றர். இந்தத் தொழிலில் நாரி நோ இல்லாத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எனக்கு அதோடு சீனி வருத்தமும் உண்டு. ஆஸ்பத்திரியில் காட்டிக் குளிசை எடுக்கிறேன். நிலாவெளி வீதியில் ஒரு வீட்டின் முன்பகுதியில் நடக்கும் இந்த கிளினிக்கைப் பற்றி எங்கள் கண்டக்டர் பெடியன் சொன்னான். வாசலில் 'நச்சு நீக்க சிகிச்சை' என்று பெரிதாக போர்ட். உப்புவெளிக் கடற்கரைப் பக்கமும் இதே மாதிரி போர்ட்டுகள் உண்டு. அங்கே போகிறவர்கள் எண்ணெய் தேய்த்துச் சுகமாகப் படுத்து எழும்பி வருவார்கள். இதுவும் அந்த ரகம்தான் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன்.

இது வேறு. கொழும்பில் ஆயுர்வேதம் படித்த பெண் டொக்டர், வயது நாற்பதுக்குள் இருக்கும். ஆயுர்வேத மருத்துவ சபைப் பதிவுச் சான்றிதழ் கண்ணில் படும் இடத்திலேயே தொங்குகிறது. (எங்கள் திருகோணமலைக் கம்பஸில் படித்து வரும் சித்த வைத்தியர்களும் அதே சபையில்தான் பதிய வேண்டும். எங்கே போனாலும் முதலில் அதைப் பாருங்கள்.) நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், அது எல்லோரும் செய்வது. அதற்குப் பிறகு கேட்ட கேள்விகள்தான் விசயம். எத்தனை மணிக்குச் சாப்பாடு, எந்த ஊரில் பஸ்ஸை நிறுத்துவேன், மலம் ஒழுங்காகப் போகிறதா, பர்ஸ் எந்தப் பொக்கெட்டில்? காலில் விறைப்பு இருக்கிறதா, சலம் போவதில் சிக்கல் உண்டா என்றும் கேட்டார். அது இருந்தால் எண்ணெய் பூசிக்கொண்டு இருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமாம்.

"டொக்டர், போர்ட்டில போட்டிருக்கிறதைச் செய்து விடுங்கோவன், உடம்பு ஒருக்காச் சுத்தமாகட்டும்" என்றேன்.

"அண்ணா, உங்களுக்கு அது இப்ப தேவையில்லை. முதல்ல ஹபரணையில சாப்பிடுற கொத்து ரொட்டியை நிற்பாட்டுங்கோ" என்றார்.

காசு தரத் தயாராக வந்தவனிடம் வேண்டாம் என்று சொல்லும் கடை எத்தனை இருக்கிறது? எனக்கு நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான்.

போர்ட்டில் போட்டிருக்கும் அந்தச் சிகிச்சைக்குப் பெயர் பஞ்சகர்மம், உடம்பைச் சுத்தமாக்கும் ஐந்து முறைகள். அது ஒரு நாள் கூத்து இல்லை என்பதையும் விளங்கப்படுத்தினார். பேதிக்குக் கொடுக்கும் விரேசனத்துக்கே முதலில் சில நாள், நாளுக்கு நாள் அளவைக் கூட்டி மருந்து நெய் குடிக்க வேண்டும். பிறகு எண்ணெய், ஆவி. அதற்குப் பிறகுதான் பேதி மருந்து. அது முடிந்ததும் தண்ணிக் கஞ்சியில் தொடங்கி மெல்ல மெல்லச் சோற்றுக்கு வர வேண்டும். என் மச்சாள் தோல் கடிக்கு (அரிப்புக்கு) இங்கே அதைச் செய்தாள். கடி குறைந்தது என்கிறாள். அந்த நாட்களில் இறாலும் கருவாடும் தொடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சீனி வருத்தக்காரருக்கு இதெல்லாம் இன்னும் கவனம்: சாப்பாடு குறையும் நாட்களில் குளிசையை என்ன செய்வது என்று ஆஸ்பத்திரி டொக்டரிடம் கேட்டு வராமல் இவர் தொடங்கவே மாட்டார். என்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதாத உருண்டை மருந்துகளை யார் தந்தாலும் வாங்க வேண்டாம் என்றார். சிலவற்றில் பாதரசமும் ஈயமும் இருக்குமாம்.

எனக்குச் செய்தது கடிவஸ்தி. உளுந்து மாவைப் பிசைந்து நாரியில் வட்டமாக அணை கட்டி, இளஞ்சூடான தைலத்தை அதற்குள் ஊற்றுகிறார்கள். ஆற ஆற எடுத்துச் சூடாக்கி மறுபடி ஊற்றுவார்கள். குப்புறப் படுத்தபடி குறட்டையே விட்டேன். நோ போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். முன்பு புறப்பட்டுக் கொஞ்சத் தூரத்தில், கந்தளாய் தாண்டியதும் தொடங்குவது இப்போது பாதி வழிக்கும் அப்பால் குருநாகல் வரை பொறுக்கிறது. அதில் தைலத்துக்கு எவ்வளவு பங்கு, பர்ஸைப் பின்பொக்கெட்டிலிருந்து எடுத்ததற்கும் முதுகுக்குத் துவாய் சுருட்டி வைத்ததற்கும் எவ்வளவு பங்கு என்று கேட்டால், நான் பாதிக்குப் பாதி என்பேன்.

சாப்பாட்டு விசயத்தில் என் தொழிலை மாற்றச் சொல்லாமல் அதற்குள் வழி சொன்னார். பஸ் எடுக்க முதல் வீட்டில் சிவப்பரிசிச் சோறும் மரக்கறியும். ஹபரணையில் சீனி போடாத பிளேன்டீ, அவித்த கடலை. இறங்கி பஸ்ஸைச் சுற்றி நடை. பகல் நித்திரை ஆயுர்வேதத்தில் கூடாது என்று கேள்விப்பட்டிருந்தேன். இரவு முழித்தவன் முழித்த நேரத்தில் பாதியைக் காலையில், சாப்பிட முதல் தூங்கலாம் என்று பழைய நூலிலேயே இருக்கிறதாம். அப்பாடா.

குறைகளும் உண்டு. நம்பர் தருகிறார்கள், ஆனால் ஆளுக்கு இவ்வளவு நேரம் கதைத்தால் நம்பர் எப்படி ஓடும்? காலையில் போனவன் மத்தியானம்தான் வெளியே வந்தேன். கசாயப் பொட்டலத்தை வீட்டில்தான் காய்ச்ச வேண்டும், எட்டுப் பங்கு தண்ணீர் ஒரு பங்காக வற்றும் வரை. காஸ் விற்கிற விலைக்கு மனிசி முற்றத்தில் விறகு மூட்டிவிட்டாள். சிகிச்சை அறை ஒன்றே ஒன்று என்பதால் பெண்களுக்குக் காலை, ஆண்களுக்குப் பின்னேரம். தைலத்தின் விலையை முதலே சொல்வதில்லை, பில்லில்தான் தெரியும். இது எனக்குப் பிடிக்கவில்லை. செலவு தாங்காதவர்களைக் கப்பல்துறை அரசாங்க ஆயுர்வேத ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அவரே அனுப்புவதையும் பார்த்தேன்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். போகிறவர்கள் ரிப்போர்ட், எடுக்கும் குளிசை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள், இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார். எண்ணெய் வைக்கும் நாளுக்குப் பழைய சாரம் ஒன்று தேவை. அங்கே தருவது எனக்கு முழங்காலைக்கூட மூடவில்லை.