டர்ஃப் போடும் முன் குழி தோண்டிப் பாருங்கள்

திருநெல்வேலி மாவட்டம் மானூர்ப் பக்கம் எங்களுக்குள்ள கரிசல் நிலத்தில், 100 அடி நீளமும் 60 அடி அகலமும் கொண்ட டர்ஃப் மைதானம், அதாவது செயற்கைப் புல் விரித்த விளையாட்டு மைதானம் ஒன்றை 2023 ஆகஸ்டில் அமைத்தோம். நானும் என் தம்பியும் பிழைப்புக்காக, அம்மாவின் நகையை அடகு வைத்துத் தொடங்கிய தொழில் அது. ஒப்பந்ததாரர் கொடுத்த மதிப்பீட்டில் ‘தள ஆய்வு, திட்டமிடல்’ என்ற தலைப்பில் மட்டும் 35,000 ரூபாய் இருந்தது. அதைப் பார்த்துத்தான் விவரம் தெரிந்தவர்களிடம் வேலையை ஒப்படைக்கிறோம் என்று நம்பினோம்.

ஆய்வுக்கு வந்தவர் அரை மணி நேரம் நின்றார். டேப் பிடித்து நான்கு பக்கமும் அளந்தார், கைப்பேசியில் படம் எடுத்தார், புறப்பட்டுவிட்டார். மட்டம் பார்க்கும் கருவி வரவில்லை. ஒரு கடப்பாரைகூட மண்ணில் இறங்கவில்லை. “தம்பி, குளம் மறுகால் பாஞ்சா தண்ணி இந்த வழியாத்தான் வரும், பாத்துச் செய்யுங்க” என்று பக்கத்துக் காட்டு அண்ணாச்சி அவர் முன்னாலேயே சொன்னதையும் அவர் காதில் வாங்கவில்லை.

கரிசல் மண் ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும். அதன்மேல் நான்கு அங்குலம் சரளையும் கொஞ்சம் ஜல்லியும் பரப்பி, வடிகால் குழாயோ மண்ணையும் சரளையையும் பிரித்துவைக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி விரிப்போ இல்லாமல் புல்லை ஒட்டினார்கள். நவம்பர் மழைக்கே நடுவில் தண்ணீர் கட்டி, புல்லுக்கு இடையே நிரப்பியிருந்த சிலிக்கா மணலும் ரப்பர் துகளும் ஒரு மூலைக்கு ஒதுங்கின. டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழை அடித்தளத்தையே அரித்தது. இயற்கைச் சீற்றத்துக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்றார்கள். ஆனால், மழையே இல்லாத ஏப்ரலில்தான் முழுக் கேடும் வெளிப்பட்டது: ஒட்டு விட்ட இடத்தில் புல்லைத் தூக்கி, கீழே தெரிந்த வெடிப்பில் தம்பி ஒரு தென்னை ஈர்க்கை விட்டபோது, அது முழுவதும் உள்ளே போய்விட்டது. அதே இடத்தில்தான் விளையாட வந்த பையன் ஒருவன் கால் பிசகி விழுந்திருந்தான்.

ஆய்வறிக்கையைக் கேட்டோம், இரண்டு பக்கம் வந்தது. மண் ‘செம்மண் கலந்த சரளை’ என்றிருந்தது. சர்வே எண் எங்களுடையதன்று. ஊரும் வேறு மாவட்டத்து ஊர். யாருக்கோ எழுதியதை எங்களுக்கு விற்றிருக்கிறார்கள்.

பிறகு நாங்கள் அழைத்து வந்த பொறியாளர் மூன்று இடங்களில் ஐந்தடிக் குழி தோண்டினார். நாலடி வரை கரிசல், அதற்குக் கீழே சுக்கான் என்னும் சுண்ணாம்புக் கல். ஈரம் பட்டால் மண் எவ்வளவு உப்பும் என்று அறியும் சோதனைக்கு மண் எடுத்து அனுப்பிவிட்டு, ஆட்டோ லெவல் வைத்து மட்டம் பார்த்து, புல எண் வரைபடத்தில் ஓடை எங்கே போகிறது என்றும் சரிபார்த்தார். கரிசலைத் தேவையான ஆழத்துக்கு எடுத்துவிட்டு, சரளையை அடுக்கடுக்காகக் கொட்டி ரோலர் ஓட்டியிருக்க வேண்டும் என்றும், நூற்றுக்கு ஒன்று என்ற சரிவில் 60 அடி அகலத்துக்கு ஏழு அங்குல வாட்டம் வேண்டும் என்றும், அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் இடத்தை எல்லாவற்றுக்கும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும் என்றும் விளக்கினார். மைதானத்தைக் கிழக்கு மேற்காகப் போட்டதால் மாலை வெயில் கோல்கீப்பரின் கண்ணில் அடிப்பதையும் அவர்தான் சுட்டிக்காட்டினார். இத்தனைக்கும் அவருக்கு ஒரே பகல்தான் ஆனது.

பிழைப்புக்கான சுயதொழிலுக்காகச் செய்தது என்பதால் நாங்களும் நுகர்வோர்தான்; அதனால், இரண்டு ஆண்டுக் கெடு முடியும் முன்பே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். அந்த மூன்று குழிகளையும் இன்னும் மூடவில்லை. டர்ஃப் போட நினைப்பவர்கள், முன்பணம் கொடுக்கும் முன் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகலாம்.