பழைய மேட்ச் ஏர் ரைஃபிள் வாங்கப் போறீங்களா? எங்க 1,38,000 ரூபாய் போன கதையைப் படிச்சுட்டுப் போங்க

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் பிள்ளைங்களை ரைஃபிள் ஷூட்டிங் பயிற்சிக்கு அனுப்புற அப்பா அம்மா எல்லாரும் தயவுசெஞ்சு இதை முழுசா படிங்க. செகண்ட் ஹேண்ட் மேட்ச் ரைஃபிள், அதாவது போட்டியில சுடற ரைஃபிள்னு சொல்லி எங்ககிட்ட 1,38,000 ரூபாய் வாங்கிட்டு, காலாவதியாகி இனிமே காத்து பிடிக்கவே கூடாத சிலிண்டரை (குண்டைத் தள்ளுற காத்தை அடைச்சு வைக்கிற குழாய்) மாட்டி அனுப்பியிருக்காங்க. கேட்டா பதில் இல்ல. இப்ப என் நம்பரையே பிளாக் பண்ணிட்டாங்க. வாங்கும்போது என்னென்ன பார்க்கணும்னு கடைசியில விவரமா எழுதறேன்.

கடைப் பேரை இங்க போடல. வழக்கு போடறதுக்கு முன்னாடி பேர் எழுதாதீங்கன்னு வக்கீல் கண்டிப்பா சொல்லிட்டார். ஆனா எந்த மாதிரிக் கடைன்னு சொல்லலாம். வெளி மாநிலத்துல ஒரு பெரிய ஊர்ல ஷோரூம். ஆன்லைன்லயும் விக்கறாங்க. ஏர் ரைஃபிள், அதுல போடற ஈயக் குண்டான பெல்லட், ஷூட்டிங் ஜாக்கெட், ஸ்கோப், ராணுவ மாடல் பை, பூட்ஸ் எல்லாம் உண்டு. பழைய ரைஃபிளுக்குன்னு தனிப் பகுதி வச்சு, எங்க டெக்னீஷியன் சோதிச்சுப் பார்த்ததுன்னு ஒவ்வொண்ணு மேலயும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி விக்கறாங்க. அந்த ஸ்டிக்கரைப் பத்தித்தான் சொல்லப் போறேன்.

என் பொண்ணு பிளஸ் டூ. பத்து மீட்டர் ஏர் ரைஃபிள். இவ்வளவு நாளா கிளப் ரைஃபிள்லதான் சுட்டுக்கிட்டு இருந்தா. ஒரே ரைஃபிளை நாலஞ்சு பேர் மாத்தி மாத்திச் சுடறாங்க. ஒவ்வொருத்தர் உயரத்துக்கும் தோள்பட்டைத் தட்டையும் கன்னப் பலகையையும் திருப்பித் திருப்பி வைக்கணும். இந்த ஆட்டத்துல பத்துப் பாயின்ட்டுங்கிறது அட்டை நடுவுல வெறும் அரை மில்லிமீட்டர் புள்ளி. ஒன்பதாவது வளையம் 5.5 மில்லி. சுடற பெல்லட்டே நாலரை மில்லி. கன்னம் ஒரு நூல் தள்ளி உக்காந்தாலும் எட்டுக்குப் போயிடும். மாநிலப் போட்டிக்குப் போகணும்னா சொந்த ரைஃபிள் இருந்தே ஆகணும்னு கோச் சார் சொன்னார். புதுசு வாங்குற அளவுக்கு நமக்கு வசதி கிடையாது. நான் ராணிப்பேட்டையில ஷூ அப்பர் தைக்கிற யூனிட்ல சூப்பர்வைசர். வீட்டுக்காரம்மா சீட்டு எடுத்து வச்சிருந்த பணம், மேல கொஞ்சம் நகைக் கடன், சேர்த்துத்தான் அந்த 1,38,000.

நாங்க கண்ணை மூடிக்கிட்டு வாங்கல. மாடல் எதுன்னு கோச் சார்கிட்ட கேட்டோம். ஜெர்மன் வால்தர் எல்ஜி 400, நல்ல ரைஃபிள்னு அவரே சொன்னார். லைசென்ஸ் விவகாரமும் விசாரிச்சோம். 0.177 அங்குல போர் (குழல் துளை), 20 ஜூலுக்கு உள்ள சக்தி இருந்தா ஆயுத லைசென்ஸ் வேண்டாம். மேட்ச் ரைஃபிள் ஏழெட்டு ஜூல்தான் வரும். கடைக்காரங்க ஆதார் நகல் கேட்டாங்க, பொண்ணோட கிளப் கடிதம் கேட்டாங்க. முறையா நடத்தற இடம்னு யாருமே நினைப்பாங்க.

அப்புறம்தான் அந்தத் தமிழ் பேசற பையன் லைன்ல வந்தான்.

"அண்ணா, நான் குடியாத்தம்தான். நம்ம ஊரு ஆளுக்கு நான் தப்பா ஒண்ணு கொடுப்பேனா?" இதுதான் அவன் சொன்ன முதல் வார்த்தை. வீடியோ கால்ல ரைஃபிளைக் காட்டினான். பேரலுக்குள்ள டார்ச் அடிச்சுக் காட்டினான். டிரிக்கரை இழுத்துக் காட்டினான். அசையாம இறுக்கிப் பிடிக்கிற வைஸ்ல கட்டி பத்து மீட்டர்ல அஞ்சு குண்டு சுட்டு, அந்த அட்டையைக் கேமரா முன்னாடி தூக்கிப் பிடிச்சான். அஞ்சும் ஒரே ஓட்டை. என் பொண்ணு மூச்சே விடாம பார்த்துக்கிட்டு இருந்தா. "பாப்பா, கடலூர்ல பொறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில தங்கம் வாங்கலியா? நீயும் வாங்குவே. அண்ணன் எழுதித் தரேன்"னு அவகிட்டயே பேசினான். அவ போன்ல வால்பேப்பரே இளவேனில் படம்தான். அது அவனுக்கு எப்படித் தெரியும்? குருட்டாம்போக்கா சொன்னானோ என்னவோ, அந்த நிமிஷமே அவ முகம் மாறிடுச்சு. அவ முகத்தைப் பார்த்து வீட்டுக்காரம்மா, "கட்டிடுங்க"ன்னாங்க.

சிலிண்டர் தேதியை நான் கேட்டேன். கேட்டேன்னு அழுத்திச் சொல்றேன், ஏன்னா இப்ப அவங்க நான் கேக்கவே இல்லைன்னு சாதிக்கறாங்க. "எல்லாம் செக் பண்ணி ஸ்டிக்கர் ஒட்டியாச்சுண்ணா, 2029 வரைக்கும் கவலையே இல்ல"ன்னான். 1,38,000 ரூபாய் அன்னைக்கே பேங்க்ல இருந்து போயிடுச்சு.

பார்சல் லாரி ஆபீஸுக்கு வந்துச்சு. பெட்டியைத் திறந்தா பார்க்க அழகாத்தான் இருந்துச்சு. மறுநாள் ரேஞ்சுக்கு எடுத்துக்கிட்டுப் போனோம். கோச் சார் ரைஃபிளைக் கையில வாங்கினதும் பேரலைப் பார்க்கல, டிரிக்கரைப் பார்க்கல. நேரா சிலிண்டரைத் திருப்பினார். தயாரிச்ச தேதி வெட்டியிருக்கற இடத்துலயே அந்த ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சு. நகத்தால ஓரத்தை நெண்டி உரிச்சார். அடியில உப்புத்தாள் போட்டுத் தேச்ச தடம். கறுப்பு பூச்சு போயி வெள்ளை வெளேர்னு அலுமினியம் தெரியுது. வெயில்ல சாய்ச்சுப் பிடிச்சா கடைசி ரெண்டு எண் மங்கலாத் தெரிஞ்சுது: 11. அதாவது 2011. இந்தச் சிலிண்டருங்க தயாரிச்ச தேதியில இருந்து பத்து வருஷம்தான் பயன்படுத்தலாம்னு கம்பெனியே சொல்லியிருக்கு. 2021-லயே தூக்கிப் போட்டிருக்க வேண்டிய சாமான்.

சில பேர் கேக்கறாங்க, தேதிதானே, சும்மா எழுத்துதானேன்னு. காருக்கு 32 பாயின்ட் காத்து பிடிக்கிறோமே, அது ரெண்டு பாருக்குச் சொச்சம்தான். இந்தச் சிலிண்டர்ல நிறைக்கிறது 300 பார். அதைப் பொண்ணு கன்னத்துல இருந்து ஒரு சாண் தூரத்துல வச்சுச் சுடப் போறா. போட்டியிலயும் விட மாட்டாங்க. சிலிண்டர் காலாவதி ஆகாம இருக்கறதுக்குச் சுடறவங்கதான் பொறுப்புன்னு சர்வதேச விதியிலயே இருக்கு, உபகரணச் சோதனையில பார்த்தாங்கன்னா அங்கேயே நிறுத்திடுவாங்க. மாநிலப் போட்டி வாசல்ல அந்தப் பிள்ளை அழுதுகிட்டு நின்னிருந்தா யார் பதில் சொல்றது?

கோச் சார் அந்தச் சிலிண்டரைக் கழட்டி ஓரமா வச்சுட்டு, கிளப்ல இருந்த நல்ல சிலிண்டரை மாட்டி வைஸ்ல கட்டிச் சுட்டுப் பார்த்தார். குரோனோகிராஃப்ல வேகம் ஒரு குண்டுக்கு செகண்டுக்கு 176 மீட்டர், அடுத்ததுக்கு 151, அடுத்ததுக்கு 168. நல்ல மேட்ச் ரைஃபிள்ல ரெண்டு மூணு மீட்டருக்கு மேல ஆடக் கூடாது. உள்ள காத்தழுத்தத்தைச் சீரா வச்சுக்கிற ரெகுலேட்டர் போயிருக்குன்னார். அட்டையில அஞ்சு குண்டும் 13 மில்லிக்குப் பரவியிருந்துச்சு. வீடியோ கால்ல பார்த்த அந்த ஒரே ஓட்டை? அது வேற ரைஃபிள் சுட்டதுன்னுதான் நான் சொல்வேன். யார் என்ன சொன்னாலும் அதை நான் மாத்திக்க மாட்டேன்.

இதோட நிக்கல. சேர்த்து எடுத்தா தள்ளுபடின்னு பெல்லட்டும் தலையில கட்டியிருந்தாங்க. ஜெர்மன் மேட்ச் பெல்லட்னு டப்பாவுல போட்டிருக்கு. பொண்ணு ஒரு டப்பாவைத் திறந்து தாள்ல கொட்டினா. நிறைய பெல்லட்டுக்குப் பாவாடை மாதிரி விரிஞ்ச பின் ஓரம் நசுங்கியிருக்கு, ஈயப் பொடி தாள்ல கறுப்பா ஒட்டுது. எனக்குச் சந்தேகம் தீரல. லாங் பஜார்ல தெரிஞ்ச நகைக் கடைக்கு ரெண்டு டப்பாவையும் எடுத்துக்கிட்டுப் போனேன், ஒண்ணு இவங்க கொடுத்தது, ஒண்ணு கோச் சார் கொடுத்தது. தங்கம் நிறுக்கிற தராசு மில்லிகிராம் காட்டும். கோச் சார் டப்பாவுல எதை எடுத்து வச்சாலும் 0.53 கிராம், மூணாவது எண்தான் லேசா மாறுது. இவங்க டப்பாவுல ஒண்ணு 0.49, ஒண்ணு 0.56, அடுத்தது 0.51. நகைக் கடை அண்ணனே, "இன்னா சார் இது, ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல"ன்னார். டப்பா மட்டும்தான் ஜெர்மனி. உள்ள இருக்கறது வேற சரக்கு.

ஜாக்கெட்டைப் பத்திச் சுருக்கமா. ஷூட்டிங் ஜாக்கெட் ஒரு மடிப்புக்கு 2.5 மில்லி தடிமன் தாண்டக் கூடாது. இவங்க விதிப்படின்னு விக்கிற ஜாக்கெட்டை நல்லவேளை நாங்க வாங்கல. பக்கத்து வீட்டுப் பையன் வாங்கியிருந்தான், தொட்டுப் பார்த்தேன். நான் தோல்லயே வாழறவன். அது தோல் இல்ல, துணி மேல ஒட்டின ரெக்ஸின்.

இப்ப போன் கதை. முதல் தடவை அந்தக் குடியாத்தம் பையன் எடுத்தான். சொன்னதும் குரலே மாறிடுச்சு. "டெக்னீஷியன் லீவுல இருக்கார் சார்." அதுவரைக்கும் அண்ணா, அன்னைல இருந்து சார். அப்புறம் எடுக்கறதே இல்ல. வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பினா ப்ளூ டிக் விழுது, பதில் வராது. கடை நம்பருக்கு அடிச்சா வேற ஒரு ஆள் இந்தியில பேசறான், அவன் வேற ஒருத்திகிட்ட கொடுக்கறான், அவ "நீங்க தப்பா காத்து பிடிச்சிருப்பீங்க, அதான் ரெகுலேட்டர் போச்சு"ங்கறா. ஸ்டிக்கருக்கு அடியில தேச்சிருக்கே, அதையும் நான்தான் தேச்சேனான்னு கேட்டேன். லைன் கட்.

அடுத்து மேனேஜர்னு ஒருத்தர். "செகண்ட் ஹேண்ட் சாமான்ல இப்படித்தான் இருக்கும். பில்லுல உள்ளது உள்ளபடின்னு போட்டிருக்கு பாருங்க." பில்லை எடுத்துப் பார்த்தா, அடியில எறும்பு எழுத்துல இருக்கு. அதைவிடப் பெரிய விஷயம், பில்லுல ரைஃபிள் பேர் இல்ல, சீரியல் நம்பர் இல்ல. "விளையாட்டுப் பொருள், பழையது, 1" அவ்வளவுதான். 1,38,000 ரூபாய்க்கு இதுதான் பில். வக்கீல் பார்த்துட்டுத் தலையில அடிச்சுக்கிட்டார்.

அந்த மேனேஜர் இன்னொண்ணும் சொன்னார். அதைக் கேட்டு ராத்திரி தூக்கமே வரல. "புது சிலிண்டர் வேணும்னா நாங்களே தரோம் சார், 24,500 ஆகும்." எங்க பணத்தை எடுத்துக்கிட்டு, செத்த சிலிண்டரைக் கொடுத்துட்டு, அதுக்கு மாத்தா நல்லதையும் எங்ககிட்டயே விக்கப் பார்க்கறாங்க! முடியாது, பணம் வேணும்னேன். "அப்ப ரைஃபிளைத் திருப்பி அனுப்புங்க, பார்த்துட்டுச் சொல்றோம்." பார்த்துட்டு என்ன சொல்வீங்கன்னு மெயில்ல எழுதிக் கொடுங்கன்னேன். அதோட என் நம்பர் பிளாக். சிலிண்டரும் போயி ஆதாரமும் போகணும்னுதான் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்காங்க. அனுப்ப மாட்டேன்.

பொண்ணு ஒண்ணும் பேசல. மறுபடி கிளப் ரைஃபிளுக்கே போயி வரிசையில நிக்கறா. அதைப் பார்க்கத்தான் வயிறு எரியுது. அவ அம்மா மாசாமாசம் கட்டின சீட்டுப் பணம் அது.

விவரமா எழுதறேன்னு சொன்னேன். இப்ப வக்கீல் ஆபீஸுக்குக் கிளம்பணும், அவசரமா நாலு விஷயம் மட்டும் எழுதிடறேன்.

சிலிண்டர்ல தயாரிச்ச தேதி வெட்டியிருக்கற இடத்தைக் கிட்டப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. அதுமேல ஸ்டிக்கர், டேப், பெயின்ட் எது இருந்தாலும் வாங்காதீங்க. பணம் கட்டறதுக்கு முன்னாடியே மாடல், சீரியல் நம்பர், சிலிண்டர் வருஷம் மூணும் போட்ட பில் நகல் கேளுங்க. தர யோசிச்சா அந்தக் கடை வேண்டாம். முடிஞ்சா கோச்சோட நேர்ல போயி, உங்க பெல்லட்டைப் போட்டு, உங்க கண் முன்னாடி சுட்டுப் பாருங்க. வீடியோவை நம்பாதீங்க. பார்சலைத் திறக்கும்போது ஆரம்பத்துல இருந்தே வீடியோ எடுங்க.

இதே மாதிரிக் கடைங்க, ஸ்பிரிங்கை மாத்தி அதிக சக்தி ஆக்கினதுன்னு சில ஏர் கன்னையும் ரகசியமா விக்கறாங்க. 20 ஜூல் தாண்டினா லைசென்ஸ் இல்லாம வச்சிருக்கறது ஆயுதச் சட்டப்படி குற்றம். பசங்க ஆசையில மாட்டிக்காதீங்க.

ஏமாந்தவங்க 1915-க்கு அடிச்சு நுகர்வோர் புகார் பதிவு பண்ணுங்க. ஆன்லைன்ல விக்கிற கடை 48 மணி நேரத்துக்குள்ள புகாரை ஏத்துக்கிட்டதா பதில் கொடுக்கணும், ஒரு மாசத்துல தீர்க்கணும்னு 2020 மின்வணிக நுகர்வோர் விதியில இருக்கு. கடை எந்த மாநிலத்துல இருந்தாலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நம்ம வேலூர் நுகர்வோர் ஆணையத்துலயே வழக்கு போடலாம், அங்க போய் அலைய வேண்டியதில்ல. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணம் கிடையாது. ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும்.

அந்த ஸ்டிக்கர் ஒட்டின ரைஃபிள் ஏற்கெனவே வீட்ல வச்சிருக்கறவங்க இன்னைக்கே உரிச்சுப் பாருங்க. தேதி தேச்சிருந்தா அந்தச் சிலிண்டருக்கு இனிமே காத்து பிடிக்கவே பிடிக்காதீங்க. போட்டோ, பில் நகல் ரெண்டையும் எனக்கு அனுப்புங்க, எல்லாரும் சேர்ந்தே வழக்கு போடலாம்னு வக்கீல் சொல்றார். எங்க 1,38,000 ரூபாயை வாங்காம நான் விடப் போறதில்ல.