வேலையை விட்டு எழுதுவதா, வேலையோடு எழுதுவதா?

இரண்டையும் செய்து பார்த்தவன் நான். ஒன்பது வருடம் முழுநேர வேலை, விடியற்காலையில் எழுத்து. அப்புறம் வேலையை விட்டுவிட்டுப் பதினான்கு மாதம் எழுத்து மட்டும். இப்போது வாரத்தில் மூன்று நாள் வேலை, மீதி நாட்கள் எழுத்து. என் ஓட்டு இந்த மூன்றாவதுக்குத்தான்.

வேலையை விட்டால் நேரம் கிடைக்கும், மேலதிகாரி தொல்லை இல்லை என்பதெல்லாம் தெரிந்ததுதான். பணம் எவ்வளவு வரும் என்பதைக்கூட ஓரளவு கணக்குப் போட்டுவிடலாம். என்னைச் சாய்த்தது, அது எப்போது வரும் என்பது. புத்தகத்துக்குப் பதிப்பகம் தரும் முன்பணம் மொத்தமாக வராது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது ஒரு பங்கு, எழுதி முடித்த பிரதியைக் கொடுத்து அவர்கள் ஏற்றுக்கொண்டதும் ஒரு பங்கு, புத்தகம் வெளியாகும்போது மிச்சம் என்று பிரித்துத்தான் தருவார்கள். அந்த முன்பணம் விற்பனையில் கழிந்த பிறகே ராயல்டி, அதாவது விற்பனையில் எழுத்தாளருக்கான பங்கு, தொடங்கும், அதுவும் ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு முறை. வீட்டு வாடகை மட்டும் மாதா மாதம் வந்து நிற்கும்.

எட்டாவது மாதம் எனக்கு வரவேண்டிய ஒரு தொகை தள்ளிப்போனது. உடனே பணம் தரும் வேலை எதுவானாலும் எடுத்துக்கொண்டேன்: நிறுவனங்களுக்கான விளம்பர வாசகங்கள், வேறொருவர் பெயரில் வரும் கட்டுரைகள். நாவல் ஐந்து மாதம் அப்படியே கிடந்தது. முழுநேர எழுத்தாளராக இருந்த அந்த வருடத்தில்தான் என் சொந்த எழுத்து மிகக் குறைவு. அதை நினைத்தால் இப்போதும் வலிக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி ட்ரோலப் இதில் கவனமாக இருந்தார். அஞ்சல் துறையில் வேலை பார்த்தபடியே காலை ஐந்தரைக்கு உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொல் எழுதியவர். 1867இல் வேலையை விட்டபோது, விடுவதால் இழக்கப்போகும் ஓய்வூதியத்துக்கு ஈடான வருமானம் வருமளவுக்கு ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்தார்.

சரி, முழுநேர வேலையோடே எழுதினால்? முடியும், ஆனால் வேலை நேரம் எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஜெர்மன் மொழியில் எழுதிய ஃப்ரான்ஸ் காஃப்கா முதலில் பார்த்த வேலை நாள் முழுவதையும் தின்றது. 1908இல் அதை விட்டு, பிற்பகல் இரண்டு மணிக்கு முடியும் வேறொரு அலுவலகத்துக்குப் போனார். இரவில் எழுதினார், அப்படியும் நேரம் போதவில்லை என்று புலம்பினார். என் ஒன்பது வருடமும் அப்படித்தான், அதில் ஒரே ஒரு நாவலை முடித்தேன்.

மூன்று நாள் வேலையில் சம்பளம் குறைவு, பதவி உயர்வை மறந்துவிட வேண்டியதுதான். ஆனால் வாடகை தேதிக்கு வாடகைப் பணம் கையில் இருக்கிறது, பிடிக்காத எழுத்து வேலைக்கு முடியாது என்று சொல்ல முடிகிறது. குறை ஒன்று உண்டு: வேலை நாட்களுக்குப் பிறகு நாவலுக்குள் திரும்பிப் போக எனக்கு அரை நாள் பிடிக்கிறது. வேலையை விட்டிருந்தபோது அந்தச் சிக்கல் இல்லை, முதல் சில மாதங்கள் உண்மையிலேயே அருமையாக ஓடின. ஜப்பானிய நாவலாசிரியர் ஹாருகி முரகாமி இரண்டு நாவல்கள் எழுதிய பிறகு 1981இல் தன் ஜாஸ் பாரை விற்றுவிட்டு முழுமூச்சாக எழுத உட்கார்ந்ததை அதனால்தான் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

நான் தனி ஆள், எழுதுவது நாவலும் கட்டுரையும். திரைக்கதை எழுதுபவர்களுக்கோ, வீட்டில் இன்னொரு சம்பளம் இருப்பவர்களுக்கோ என் கணக்கு பொருந்தாமல் போகலாம். ஆனாலும் ராஜினாமா கடிதம் எழுதுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள்: கடந்த இரண்டு வருடத்தில் எழுத்துப் பணம் கைக்கு வந்த தேதிகளை மட்டும் வரிசையாகக் குறித்து, எந்த இரண்டு தேதிக்கு நடுவே இடைவெளி மிக அதிகம் என்று பாருங்கள். எனக்கு அது ஏழு மாதம், கையில் இருந்த சேமிப்பு நான்கு மாதத்துக்கு.