மலையகச் சமையலறைக்கு எந்த ஜூஸர்? கழற்றிக் கழுவும் நோக்கில் ஓர் ஒப்பீடு

கரட்டும் பீட்ரூட்டும் கைக்கெட்டும் தூரத்தில் விளையும் நுவரெலியா, வெலிமடைப் பகுதிகளில் ஜூஸர் வாங்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது விலையையும், எவ்வளவு சாறு வரும் என்பதையும்தான். அவற்றுக்கு முன்பே கேட்க வேண்டியது, அந்த இயந்திரத்தைக் கழற்றிக் கழுவ எவ்வளவு தண்ணீர் வேண்டும், அந்தத் தண்ணீர் எவ்வளவு வேகத்தில் விழ வேண்டும், கழுவிய பாகங்கள் எப்போது காயும் என்பதே என்று நான் கருதுகிறேன். வீட்டுக்குள் குழாய் உள்ளவருக்கும், பீலியிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து வருபவருக்கும் ஒரே இயந்திரம் ஒரே அளவு வேலையைத் தருவதில்லை.

கடைகளில் அதிகம் காணப்படும் மலிவான வகை, நிமிடத்துக்கு ஏறத்தாழ 6,000 முதல் 14,000 சுற்றுகள் வரை சுழன்று, துருவிய பழத்தை வலைக்கூடையின் சுவரில் வீசிச் சாற்றைப் பிரிப்பது. கழற்றுவதற்கு இதுதான் மிக எளியது. செருகியைப் பிடுங்கிச் சுழற்சி முழுவதும் அடங்கும்வரை காத்திருந்து, பக்கத்துப் பிடிகளைத் தளர்த்தினால் மூடி, வலைக்கூடை, சாறு சேரும் கிண்ணம், சக்கை வாளி ஆகிய அனைத்தும் கைக்கு வந்துவிடும். கூடையைத் தனியாக உருவாமல் கிண்ணத்தோடு சேர்த்துத் தூக்குவது நல்லது. இல்லாவிட்டால் கூடையின் அடியில் தங்கிய சாறு மோட்டாரின் இணைப்புத் தண்டில் வடிந்து, அங்கேயே காய்ந்து பிசினாகிவிடும்.

கழற்றுவது எளிதென்றாலும் கழுவுவது அப்படியல்ல. வலைக்கூடையின் நுண்துளைகள் ஒவ்வொன்றிலும் கரட் நாரும், பழத்தின் பசைப்பொருளான பெக்டினும் சிக்கிக் கொள்கின்றன. ஈரம் உள்ளபோது அவற்றை உடனே அகற்றிவிடலாம். காய்ந்துவிட்டாலோ மெல்லிய தோல்போல இறுகித் துளையை அடைத்துவிடும். சிலர் செய்வதுபோல இயந்திரத்தை ஓடவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் சுவர் நனையுமே தவிர, துளையில் இறுகியது அசையாது. கூடையை வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கித் தூரிகையால் தேய்த்து, அதே திசையில் குழாய்த் தண்ணீரை வேகமாக விழவிட வேண்டும். பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடித்து எந்தத் துளை மூடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது, ஏனெனில் ஒரு பக்கத்துத் துளைகள் மட்டும் அடைபட்ட கூடை, அடுத்த முறை அந்த வேகத்தில் சுழலும்போது எடை சமமில்லாமல் அதிரத் தொடங்கும். அடித்தட்டின் துருவல் பற்கள் விரலை அறுக்கக்கூடியவை என்பதால் அங்கே துணியையோ வெறுங்கையையோ கொண்டு போகாமல், பழைய பற்தூரிகை ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவைக்கலாம். பாத்திரம் தேய்க்கும் தேங்காய்ப் பொச்சு இங்கே உதவாது. அதன் நார்களே துளைகளில் மாட்டிக்கொள்ளும்.

இத்தனைக்கும் அடிப்படைத் தேவை வேகமாக விழும் தண்ணீர். குழாயில் நூல்போலத் தண்ணீர் வடியும் வீட்டிலும், குறித்த நேரத்துக்கு மட்டும் தண்ணீர் வரும் தோட்ட லயத்து வீட்டிலும் இந்த வகை நாளடைவில் பரணுக்குப் போய்விடும் என்பது என் கணிப்பு.

அடுத்தது மெதுவாகச் சுற்றும் வகை. நிமிடத்துக்கு ஏறத்தாழ 40 முதல் 100 சுற்றுகளில் ஒரு திருகுத்தண்டு பழத்தை நசுக்கிப் பிழிகிறது. இதில் நிமிர்ந்து நிற்கும் அமைப்பு, படுக்கையாக நீளும் அமைப்பு என இரண்டு உண்டு. விற்பவர்கள் இரண்டையும் ஒன்றாகவே பேசினாலும், கழுவும் இடத்தில் இவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு பெரிது.

நிமிர்ந்த அமைப்பில் சாறு வாய்க்கு மூடி இருந்தால், இறுதியில் ஒரு குவளைத் தண்ணீரை உள்ளே ஊற்றிச் சில நொடிகள் ஓடவிட்டு வடித்துவிடலாம். தொடர்ந்து தோடம்பழமும் பிறகு பீட்ரூட்டும் பிழிய விரும்புவோருக்கு இது பெரும் வசதி. ஆனால் முழுமையாகக் கழுவ முற்படும்போதுதான் பாகங்களின் எண்ணிக்கை தெரியவரும்: பல மாதிரிகளில் திருகுத்தண்டு, சல்லடை, சல்லடையைச் சுற்றும் சிலிக்கன் துடைப்பான், அதைத் தாங்கும் சட்டம், கிண்ணத்தின் அடி வளையம், சக்கை வெளியேறும் துவாரத்தின் கீழுள்ள சிலிக்கன் அடைப்பு ஆகிய அனைத்தையும் கழற்றியாக வேண்டும். இறுதியாகச் சொன்ன அடைப்பு கிண்ணத்தின் அடியில் மறைந்திருப்பதால், அதைத் திறக்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. அங்கே தங்கும் சக்கை புளித்து, புதிதாகப் பிழியும் சாற்றுக்கும் அந்த வாடையை ஏற்றிவிடும்.

படுக்கையான அமைப்பில் துடைப்பானும் இல்லை, மறைவான அடைப்பும் இல்லை. உருளை, திருகுத்தண்டு, சிறிய சல்லடை, முன்வாய், பூட்டு வளையம் என்ற அளவில் வேலை முடிந்துவிடுகிறது. சல்லடை சிறிதாக இருப்பதால் அகலமான பாத்திரத்தில் பத்து நிமிடம் ஊறவிட்டு, தூரிகையால் தேய்த்து, இன்னொரு பாத்திரத்துத் தண்ணீரில் அலசினால் போதும். ஓடும் குழாய் கட்டாயமில்லை. வல்லாரை, இஞ்சி போன்ற நார் மிக்கவற்றையும் இது தாராளமாகக் கையாளும். பப்பாளி, கனிந்த மாம்பழம் போன்ற மென்மையான பழங்களில் இது திணறிக் கூழாகத் தள்ளும் என்பதையும், கரட்டைச் சிறிதாக நறுக்கி மெல்ல மெல்ல இட வேண்டும் என்பதையும் குறையாகச் சொல்லத்தான் வேண்டும். விலையும் முதல் வகையைவிட அதிகம்.

தோடம்பழமும் தேசிக்காயும் மட்டுமே பிழியும் வீட்டுக்கு மின்சார இயந்திரம் எதற்கு என்றே கேட்கத் தோன்றுகிறது. கைப்பிழிவான் ஒரு குவளைத் தண்ணீரில் சுத்தமாகிவிடும். அது அலுமினியத்தால் ஆனதென்றால் அமிலம் அரிக்கும் என்பதால், பிழிந்தவுடனேயே அலச வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

கறை விடயத்தில் எல்லா பிளாஸ்டிக் பாகங்களும் ஒன்றுதான். பீட்ரூட்டின் நிறம் தண்ணீரில் கரைவதால் உடனே அலசினால் பெரும்பாலும் போய்விடும். கரட்டின் செம்மஞ்சள் நிறம் கொழுப்பில் கரைவது. சவர்க்காரத்தால் எவ்வளவு தேய்த்தாலும் தங்கும் அந்தக் கறையைத் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, பிறகு சவர்க்காரமிட்டுக் கழுவினால் பெருமளவு நீங்கும். சல்லடையில் படியும் வெண்படிவுக்குத் தேசிக்காய்ச் சாறு கலந்த தண்ணீரில் ஊறவைப்பது பலன் தரும். புளித்த வாடைக்கு அப்பச்சோடா நல்லது. இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் நுரை பொங்குமே தவிர, அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொள்வதால் இரண்டின் பயனும் குறைந்துவிடும். ஆகவே தனித்தனியாகவே பயன்படுத்த வேண்டும்.

குளிர்ந்த தண்ணீரில் கை விறைக்கும் என்பதற்காகக் கொதிநீரை ஊற்றுவது இன்னொரு தவறு. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும் என்றாலும், பல பிளாஸ்டிக் பாகங்களை நெளியவைக்க அந்தச் சூடே போதுமானது. கை தாங்கும் வெதுவெதுப்புக்கு மேல் தேவையில்லை.

உலர்த்துவதில் ஊருக்கு ஊர் நிலைமை மாறும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் நாட்கணக்கில் வெயிலே தெரியாது. அதே மாதங்களில் பண்டாரவளையில் காற்றும் வெயிலும் இருக்கும். அங்கே வெளியே கவிழ்த்துவைத்தாலே காய்ந்துவிடும் சிலிக்கன் வளையம், ஹட்டன் பக்கம் பூஞ்சணம் பிடித்துக் கறுத்துவிடும். விறகடுப்புக்கு மேலுள்ள பரணில் வைப்பதும் தீர்வாகாது, ஏனெனில் சிலிக்கன் புகை வாடையை ஈர்த்துக்கொள்ளும். உலர்ந்த துணியால் ஒவ்வொரு வளையத்தையும் துடைத்து, இயந்திரத்தை மறுபடி பூட்டாமல் பாகங்களை விரித்து வைப்பதே பாதுகாப்பு. சிலிக்கன் பாகங்கள் குறைவான இயந்திரம் ஈரமான மேற்குச் சரிவுக்கு ஏற்றது என்று நான் சொல்வதும் இதனால்தான்.

ஆகவே, பீலித் தண்ணீரை நம்பியிருக்கும் வீட்டுக்கும், மழை ஓயாத ஹட்டன் பக்கத்துக்கும் படுக்கையான மெதுசுற்று வகையையே பரிந்துரைக்கிறேன். வீட்டுக்குள் நல்ல வேகத்தில் குழாய்த் தண்ணீர் வருமானால், கரட்டும் பீட்ரூட்டும் மட்டும் பிழிவோருக்கு வேகமான வகையே போதும். மிஞ்சும் பணத்துக்கு வேறு செலவு இருக்கும். பலவகைப் பழங்களை அடுத்தடுத்துப் பிழியும் பெரிய குடும்பம், அடி அடைப்பைத் தினமும் திறக்கும் பொறுமை இருந்தால் மட்டும் நிமிர்ந்த அமைப்பை வாங்கலாம். எதை வாங்கினாலும் பணம் கொடுக்குமுன் கடையிலேயே அதை முழுவதும் கழற்றிப் பூட்டிப் பாருங்கள். சல்லடையும் சிலிக்கன் வளையமும் தனியாகக் கிடைக்குமா என்றும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.