சித்திரைப் பௌர்ணமி வானத்துக்கு எந்த மை?

சித்திரைப் பௌர்ணமி மாலையில் கன்னியாகுமரிக் கடற்கரையில் நின்றால், மேற்கே சூரியன் இறங்குவதையும் கிழக்கே நிலவு ஏறுவதையும் ஒருசேரப் பார்க்கலாம். அந்த வானத்தை ஒரு வாழ்த்து அட்டைக்குள் கொண்டுவர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஏ4 தாளை இரண்டாக வெட்டி மடித்தால் கிடைக்கும் 105 × 148 மில்லிமீட்டர் அட்டை. இடப்பக்கம் கருநீலம், வலப்பக்கம் ஆரஞ்சு. நடுவில்தான் சிக்கல். இரண்டும் எதிர் நிறங்கள், கலந்தால் சேற்று நிறம் வரும். மைகளை ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடக் கடுமையான சோதனை வேண்டியதில்லை.

மூன்று வகை மைகளால் இதே வானத்தைத் தீட்டிப் பார்த்தேன். முதலாவது சாய மை. தாளுக்குள் ஊறிவிடும், சீக்கிரம் காயும், நிறம் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவித் தெரியும். மஞ்சள்மேல் சிவப்பு ஏற்றினால் கிடைக்கும் அந்தி வெளிச்சத்தை வேறு எந்த மையும் தருவதில்லை. ஆனால் ஒளி ஊடுருவுவதாலேயே ஆரஞ்சும் நீலமும் சந்திக்கும் இடத்தில் கீழ் நிறமும் மேல் நிறமும் சேர்ந்து பழுப்பாகிவிடுகின்றன. நடுவே இளஞ்சிவப்பு ஒரு பட்டை போட்டு இரண்டையும் விலக்கி வைத்தால்தான் தப்பலாம். வெயில் படும் சுவரில் மாட்டினால் வெளிறவும் செய்யும்.

இரண்டாவது நிறமி மை. தாளின் மேற்பரப்பிலேயே தங்கி நிற்கும். வெயிலில் எளிதில் வெளிறாது, அழுத்தமான நிறம் தரும். ஆனால் காய மறுக்கும். ஜூனில் தென்மேற்குப் பருவமழையும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையும் பெறும் மாவட்டம் நம்முடையது. ஈரக்காற்றில் கையை வைத்தால் அட்டையில் விரல் ரேகை பதிந்துவிடும். சூடான காற்றால் காயவைக்கும் வெப்ப ஊதி வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே இதைச் சொல்வேன்.

மூன்றாவது, சாயமும் நிறமியும் கலந்த ஆக்சைடு மை. ரேஞ்சர் நிறுவனம் 2017இல் டிஸ்ட்ரெஸ் ஆக்சைடு என்ற பெயரில் கொண்டுவந்த பிறகு அட்டை செய்வோரிடம் இது பரவியது. காய்ந்தபின் சுண்ணாம்பு பூசியது போன்ற மென்மை தெரியும். நிறமி இருப்பதால் ஒரு நிறம் மற்றொன்றைப் பாதி மறைக்கிறது. ஆரஞ்சு காய்ந்தபின் நீலத்தை ஏற்றினால் சேறு வெகுவாகக் குறைகிறது. தாள்மேல் சற்று நேரம் ஈரமாகவே இருப்பதால் தேய்த்துப் பரப்பவும் அவகாசம் கிடைக்கிறது. சாய மையின் பிரகாசம் இதில் இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் பௌர்ணமி வானத்துக்கு என் தேர்வு இதுவே. முதன்முதலாக அட்டை செய்கிறவர்களும் இதிலேயே தொடங்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. இந்த மை தண்ணீர் பட்டால் கரையும், அதே நிறுவனத்தின் டிஸ்ட்ரெஸ் வகைச் சாய மையும் அப்படித்தான். ஜூலையில் என் மயினிக்குச் சாய மையில் செய்த பிறந்தநாள் அட்டையை வியர்த்த கையோடு உறையில் இட்டேன். “நிலவுக்குப் பக்கத்தில் இன்னொரு நிலவு இருக்கிறதே” என்று அவள் கேட்டபோதுதான் என் கட்டைவிரல் செய்த வேலை தெரிந்தது. இப்போதெல்லாம் ஓரத்தை மட்டும் பிடிக்கிறேன்.

மையைத் தேய்த்துப் பூசும் கருவியில் பிரஷா ஸ்பாஞ்சா என்று பலரும் கேட்கிறார்கள். வானத்துக்கு அடர்ந்த மென்மயிர் பிரஷ், ஸ்டென்சிலுக்கு, அதாவது வடிவம் வெட்டிய அச்சுத் தகட்டுக்கு, ஸ்பாஞ்ச். பிரஷ் மையைக் கொஞ்சங்கொஞ்சமாக விடுவதால் நிற எல்லை தெரியாமல் கரையும். ஆனால் அதன் மயிர் ஸ்டென்சிலின் மெல்லிய ஓரத்துக்கு அடியில் புகுந்து வடிவத்தைக் கலைத்துவிடும். எதுவானாலும் முதல் தொடுதலை அட்டைக்கு வெளியே, கழிவுத் தாளில் வைத்துச் சுற்றிச் சுற்றி உள்ளே கொண்டுவாருங்கள். நேராக அட்டையில் வைத்தால் திட்டு விழும், அதை எடுக்க வழியில்லை.

இனி ஸ்டென்சில். என் மனம் முழுக்க இதில்தான் இருக்கிறது. கடையில் கிடைக்கும் மைலார் என்ற பிளாஸ்டிக் ஸ்டென்சில்கள் துல்லியமானவை, கழுவிக் கழுவி ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தலாம். ஆனால் நான் வாங்கியவற்றில் இருந்தவை பனித்துகள், ஊசியிலை மரம், ஆங்கில எழுத்து. நம் பனைமரம் எங்கே? 133 அடி உயர வள்ளுவர் சிலையின் நிழலுரு எங்கே? தோவாளைப் பிச்சிப்பூ எங்கே? கையால் வெட்டினால் இவை எல்லாம் நம் மேசைக்கு வந்துவிடும்.

ஓஎச்பி ஷீட் எனப்படும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை வரைபடத்தின்மேல் வைத்து, கூர்முனைக் கட்டரால் வெட்டலாம். பழைய எக்ஸ்ரே பிலிம் இன்னும் உறுதியானது, ஆனால் அதன் கருமையால் அடியில் வரைந்த கோடு தெரியாது. முதல் முயற்சிக்கு நம் மாவட்டத்தில் தண்ணீர் கொண்டுசெல்லும் மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பரிந்துரைப்பேன். வரிசையாக நிற்கும் தூண்கள், மேலே ஒரு நீளத் தொட்டி, எல்லாம் நேர்கோடுகள். பனையோலை அதற்கு அடுத்த படி.

தமிழ் எழுத்து வெட்டுவதுதான் கடினம். ‘வாழ்த்துகள்’ என்று வெட்டிப் பாருங்கள். வ, ள போன்ற எழுத்துகளின் சுழிக்குள் இருக்கும் துண்டு தனியே கழன்று விழுந்துவிடும். சுழியின் ஒரு பக்கத்தில் இரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டாமல் விட்டால் துண்டு தொங்கி நிற்கும். மை பூசியபின் அந்த இடைவெளியைப் பேனாவால் நிரப்பிவிடலாம்.

நிலவுக்கு ஸ்டென்சில் வேண்டாம். ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து வட்டம் வரைந்து, மாஸ்கிங் டேப்பில் வெட்டி, துணியில் இரண்டு முறை ஒட்டி எடுத்துப் பசையைத் தளர்த்திய பிறகு, மை பூசுமுன் அட்டையில் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் பிரிக்கும்போது தாளின் தோலும் சேர்ந்து வரும். தாள் வழவழப்பாக, 250 முதல் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் எடை) வரை இருந்தால் போதும். சொரசொரப்பான வாட்டர்கலர் தாளில் வானம் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

நீலம் முழுவதும் காய்ந்தபின் டேப்பை மெல்ல உரியுங்கள். தாளின் வெண்மையே நிலவாக மேலெழும்.